பெற்றோல் இல்லாத நாலு மாதம்

வாசகியின் கடிதம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிக்கும் கல்லாற்றுக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றிலிருந்து 39 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் தெரிய வேண்டாம் என்று கேட்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் கட்டாரில். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. மாமியும் இவர்களோடுதான் இருக்கிறார். உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 82 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர். மகனைச் சுமந்த காலத்தில் சுகர் வந்து, பிள்ளை பிறந்ததும் "போய்விட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் வெறும் வயிற்றில் எடுத்துப் பார்த்தபோது 114. பிரஷர் 134/86. தைராய்டில் குறையில்லை. படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது.

அவருடைய கேள்வியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "டொக்டர், 2022இல் பெற்றோல் இல்லாத நேரம், மே தொடங்கி ஓகஸ்ட் வரை, எனக்கு எல்லாமே சைக்கிள்தான். பள்ளிக்கூடம் நாலு கிலோமீற்றர். சந்தைக்கும் அதிலேதான். 78 கிலோ இருந்த நான் 72க்கு வந்தேன். ஒரு நாள்கூட இன்றைக்குப் போவோமா விடுவோமா என்று யோசித்ததில்லை. அந்த ஊக்கம் இப்போது எங்கே போனது?"

அதன் பிறகு மூன்று தடவை முயன்றிருக்கிறார். ஒரு சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த கிழமை, விடிய நாலரைக்கு எழும்பி முதல் நாளே கல்முனை வரை உழக்கிவிட்டு வந்தார். நாலாம் நாள் நாரி பிடித்துக்கொண்டது. அடுத்தது வட்ஸ்அப் குழுவொன்றின் "21 நாள் சோறில்லாச் சவால்". ஒன்பதாம் நாள் மச்சாள் வீட்டுச் சாமத்தியச் சடங்கில் அது முடிந்தது. மூன்றாவது, பேஸ்புக்கில் 7,500 ரூபாய்க்கு வாங்கிய மெலிவுத் தூள். குடித்த ஆறு நாளும் நெஞ்சு படபடவென்று அடித்து நித்திரையில்லை. பாதி டின் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. சைக்கிள் பின்வளவில் மாமரத்தடியில் நிற்கிறது. தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஐந்து, கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி சீனி. பள்ளிக்கூட இடைவேளையில் ரோல்ஸ் அல்லது வடை.

கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "பிள்ளைகள் எனக்குக் குண்டு ரீச்சர் என்று பட்டம் வைத்திருப்பது தெரியும். அந்த வெட்கம்கூட என்னைக் கட்டிலை விட்டு எழுப்பவில்லை. எனக்கு மனவுறுதி இல்லையா?"

பதில்

அன்பான தங்கச்சி,

2022இல் உங்களிடம் ஊக்கம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதில் ஊக்கத்தைக் காணவில்லை. பெற்றோல் இல்லாததைத்தான் கண்டேன்.

அந்த ஜூலையில் நானும் கிளினிக்குக்கு சைக்கிளில்தான் போனேன். ஒரு நாளாவது ஆசையோடு ஏறியதாக நினைவில்லை. வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய், வேறு வழியில்லாமல் ஏறியதுதான். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பள்ளிக்கூடம் போயாக வேண்டும், ஸ்கூட்டியில் பெற்றோல் இல்லை. முடிவெடுக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. "போவோமா விடுவோமா என்று யோசிக்கவில்லை" என்று நீங்களே எழுதியிருப்பதன் பொருள் அதுதான். ஜூலைக் கடைசியில் பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்றார்கள். நாலு லீற்றரில் ஒரு ஸ்கூட்டி உங்கள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை தடவை போய்வரும் என்று கணக்குப் பாருங்கள். 2023 செப்டெம்பரில் கியூஆரையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் நிறை ஏறத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். அந்த ஆறு கிலோவும் சைக்கிளால் மட்டும் போனதல்ல. பால்மா கிடைக்கவில்லை, காஸ் இல்லை, மாவும் சீனியும் விலையேறிப் போயின. பாணுக்கும் பணிசுக்கும் கையை வைக்க முடியாத விலை. பால் தேத்தண்ணி பிளேன்டீயானது, ரோல்ஸ் கண்ணிலேயே படவில்லை. அந்தக் காலத்தை நான் புகழவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் பசியோடு படுத்த காலம் அது, என் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் உடம்பைப் பொறுத்தவரை அப்போது இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. கால் வேலை செய்தது, தட்டில் எண்ணெயும் சீனியும் குறைந்தது. இரண்டையும் நீங்களாக விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆகவே மனவுறுதி இல்லையா என்ற கேள்விக்கு என் பதில்: உங்களுக்கு இருக்கும் மனவுறுதி எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். இரண்டு பிள்ளைகளையும் ஒரு முதியவரையும் தனியாகப் பார்த்துக்கொண்டு முப்பத்தைந்து பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒருவர், விடிய நாலரைக்கு அதில் இன்னும் மிச்சம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பகல் முழுக்கச் செலவாகிற சாமான் அது. ஊக்கம் முதலில் வரும், பிறகு செய்வோம் என்று காத்திருப்பது வயலில் தண்ணீரைக் காணாமல் விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது மாதிரி. செய்யத் தொடங்கி, காற்சட்டையின் நாடா கொஞ்சம் தளர்ந்து, படியேறும்போது மூச்சு வாங்காத ஒரு நாளில்தான் அது வரும். அதுவரைக்கும் வேறு ஏற்பாடு வேண்டும்.

சாவியை மாமியிடம் கொடுங்கள்

2022ஐச் சின்ன அளவில் நாமே செய்துகொள்வதுதான் அந்த ஏற்பாடு. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஸ்கூட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவே சாவியை மாமியிடம் கொடுத்துவிடுங்கள். அல்லது பக்கத்தில் அண்ணனோ தம்பியோ இருந்தால் அந்த மூன்று நாளும் வண்டியை அவரே ஓடட்டும். வண்டி முற்றத்தில் நின்றால், மழை இருட்டைப் பார்த்தாலே கை சாவியைத் தேடும். அதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

உடற்பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். விடிய நாலரை அலாரமும் வேண்டாம். நித்திரை குறைந்தால் பசி கூடும், இனிப்புத் தேடும். எப்படியும் போக வேண்டிய பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போங்கள், அவ்வளவுதான். போய்வர 8 கிலோமீற்றர், சும்மா உழக்கினாலே ஒரு நாளைக்கு 35, 40 நிமிடம். அதோடு ஞாயிறு காலை மீன் வாங்கவும் சைக்கிளிலேயே போனால் கிழமைக்கு 150 நிமிடம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவும் அதுதான். கல்முனைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாளிலேயே இருபது கிலோமீற்றர் போனதுதான் அன்றைக்கு உங்கள் பிழை. நாரி சொன்னது சரி.

அந்த 21 நாள் கணக்கையும் விட்டுவிடுங்கள். ஒரு பழக்கம் 21 நாளில் ஊறிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. அதே ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம், இடையில் ஒரு நாள் தவறியதால் காரியம் கெட்டுப்போகவில்லை என்பது. சாமத்தியச் சடங்கில் நீங்கள் சாப்பிட்ட சோறு உங்கள் முயற்சியைக் கெடுக்கவில்லை. "சரி, போச்சு" என்று மறுநாளே கைவிட்டதுதான் கெடுத்தது.

தேத்தண்ணிக் கணக்கு

பத்து கிலோமீற்றர் சைக்கிள் ஓடினால் விரும்பியதைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நீங்கள் படிப்பிக்கும் பாடம் கணிதமில்லை என்றாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிறையில் ஒருவர் சமதரையில் நிதானமாக 8 கிலோமீற்றர் உழக்கினால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 200 கலோரி. ஐந்து கோப்பைத் தேத்தண்ணிக்கு இரண்டரைக் கரண்டிப்படி போட்டால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கரண்டிக்கு மேல், கிட்டத்தட்ட 60 கிறாம் சீனி. அது 240 கலோரி. அதாவது பாடசாலைக்குப் போய்வந்த உழைப்பு முழுவதையும் தேத்தண்ணிச் சீனியே விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் மிச்சமும் வைக்கிறது. இடைவேளை ரோல்ஸ் ஒன்றும் 200க்குக் குறையாது.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. கிழமைக்கு நாலு நாள் சைக்கிள் என்றால் மாதத்துக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் கரையும். தேத்தண்ணிச் சீனியை முழுதாக நிறுத்தினால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. உடம்பு கடைக் கணக்குக் கொப்பி மாதிரி அப்படியே நடக்காது. ஒரு பக்கம் குறைத்தால் இன்னொரு பக்கம் பசியைக் கூட்டிப் பார்க்கும். என்றாலும் எந்தப் பக்கம் கனம் என்று இதில் தெரிகிறதுதானே. நிறையைக் குறைப்பதில் பெரும் பங்கு தட்டுக்கும் கோப்பைக்கும். குறைந்ததைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்து வைப்பதிலும், சுகரை, பிரஷரை, நித்திரையை, மனதைச் சரிப்படுத்துவதிலும் சைக்கிளுக்குப் பங்கு அதிகம். சைக்கிள் ஓடியும் தராசு அசையவில்லை என்று வெறுத்துப்போய் விட்டவர்கள் இந்த வித்தியாசம் தெரியாமல்தான் விட்டார்கள்.

சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லமாட்டேன். இரண்டரையை இரண்டாக்குங்கள், இரண்டு கிழமை போகட்டும், பிறகு ஒன்றரை. நாக்கு பழகிவிடும். மூன்று மாதத்தில் பழைய தேத்தண்ணியைக் குடித்தால் பாயாசம் மாதிரி இருக்கும். ஐந்தை மூன்றாக்குவது இன்னும் லேசு. சிலர் சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்துக் குடிப்போம், அது சுகருக்கு நல்லது என்பார்கள். பனங்கட்டியும் சீனிதான். ஒரு சின்னத் துண்டோடு ஒரு கோப்பை முடிந்தால் அளவு குறைவதால் இலாபம், அவ்வளவே. சோடாப் போத்தல் வாங்கினால் அதில் உள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் அது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிறாமுக்கு மேல் சீனி.

சோற்றைக் குற்றவாளியாக்காதீர்கள்

நெல் விளையும் ஊரில் பிறந்துவிட்டுச் சோறே வேண்டாம் என்று 21 நாள் இருப்பது நடக்கிற காரியமா? ஒன்பது நாள் இருந்ததே பெரிய விஷயம். சோற்றின் அளவுதான் பிரச்சினை. அதிலும் நம் தட்டில் சோறு மலையாகவும், கறிகள் அதைச் சுற்றி ஓரமாகவும் இருக்கிற அமைப்புத்தான் பிரச்சினை.

அதைத் திருப்பிப் போடுங்கள். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும். கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கடலை ஏதாவது. மிச்சக் கால்வாசி சோறு. சிவப்பரிசி என்றால் நல்லது, ஆனால் சிவப்பரிசி என்பதற்காக இரண்டு அகப்பை கூடப் போட்டால் பலனில்லை. முதலில் கீரையையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் ஏறும் வேகமும் குறையும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், மீனுக்குப் பஞ்சமில்லை. பொரிக்காமல் ஆணமாகவோ அவித்தோ சமையுங்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் வேலியோரத்தில் கிடைக்கிற சாமான்.

பிட்டும் இடியப்பமும் ஆபத்தில்லாதவை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டும் மாவுதான். பிட்டில் தேங்காய்ப்பூவும் சேரும். இரவில் எட்டு இடியப்பம் என்றால் நாலாக்கி, சொதிக்கு முதற்பாலைக் குறைத்து, பக்கத்தில் ஒரு அவித்த முட்டையும் கத்தரிக்காயோ வெண்டிக்காயோ ஒரு கறியும் வையுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி நாளில் பருப்பும் கடலையும் கூடட்டும், அப்பளமும் பொரியலும் குறையட்டும்.

மாமியைப் பற்றி ஒரு வரி எழுதி, பிறகு அதை வெட்டியிருந்தீர்கள், வெட்டியது வாசிக்கக்கூடியதாகவே இருந்தது. "இன்னும் கொஞ்சம் போடு மகள்" என்று அகப்பையோடு நிற்பவரிடம் நான் மெலியப் போகிறேன் என்று சொன்னால் எடுபடாது, அவருக்கு அது நோய்ச் செய்தி. "டொக்டர் சுகர் வரப்போகுது எண்டு சொல்லிட்டா மாமி, நீங்கதான் பார்த்துத் தரணும்" என்று சொல்லிப் பாருங்கள். அகப்பை அவர் கையிலேயே இருக்கட்டும், அளவை அவரே காவல் காப்பார்.

114 என்ற எண்ணுக்கு என்ன பொருள்

இதைத்தான் நீங்கள் கடிதத்தில் லேசாகக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முக்கியம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்பது சுகருக்கு முந்திய படி. இரண்டு தடவை 126ஐ எட்டினாலோ தாண்டினாலோ நீரிழிவு. கர்ப்ப காலத்துச் சுகர் "போய்விட்டது" என்று உங்களுக்குச் சொன்னது பாதி உண்மை. அப்படிச் சுகர் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் ஒவ்வொரு வருடமும் பரிசோதிக்க வேண்டும். ஏழு வருடத்தில் நீங்கள் எடுத்தது இது எத்தனையாவது தடவை என்று எழுதவில்லை.

உங்கள் நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தால் பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைச் சுட்டெண், 33.7. நம் தெற்காசிய உடம்புக்கு 23க்கு மேலேயே எச்சரிக்கை. பெண்ணுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவில் உங்களைப் போல நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஆய்வில், நிறையில் 7 வீதம் குறைப்பதையும் கிழமைக்கு 150 நிமிடம் உடலை அசைப்பதையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபோமின் குளிசை குடித்தவர்களுக்குக் குறைந்தது 31 வீதம். 82இல் 7 வீதம் என்றால் ஆறு கிலோவுக்கும் குறைவு. கலியாணத்தன்று இருந்த 58 கிலோவுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் இலக்கு 77. நாலு முதல் ஆறு மாதம் எடுக்கட்டும்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் உள்ள சுகவாழ்வு நிலையத்தில் சுகர், பிரஷர், நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். போகும்போது மகனின் கர்ப்ப காலக் கார்டையும் எடுத்துப் போங்கள். பிரஷரை இன்னும் இரண்டு வெவ்வேறு நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். குளிசை தேவையா என்பதை அங்கே உங்களைப் பார்க்கும் வைத்தியர் சொல்வார், கடிதத்தில் நான் சொல்வது முறையல்ல.

அந்தத் தூள் டின்னை இன்றைக்கே எறிந்துவிடுங்கள், காசு போனால் போகட்டும். நெஞ்சு படபடப்பும் நித்திரையின்மையும் வந்தது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தது பசியை அடக்கும் சிபுட்ராமின் என்ற மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சந்தையிலிருந்து விலக்கியது. "மூலிகை" என்று விற்கும் மெலிவுத் தூள்களில் அதைச் சொல்லாமல் கலப்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. உங்கள் டின்னில் அதுதான் இருந்தது என்று பரிசோதிக்காமல் சொல்லமாட்டேன். பிரஷர் எல்லையில் நிற்கிற ஒருவர் அதைச் சோதித்துப் பார்க்கவும் தேவையில்லை.

சைக்கிளைப் பற்றி

நம் பக்கத்தில் மேடு என்றால் பாலம்தான். இவ்வளவு சமதரை சைக்கிளுக்கு வாய்த்தது ஒரு கொடை. முழங்கால் வலிக்கும் ஓட்டத்தைவிட, ஏன் நடையைவிடவும்கூட, சைக்கிள் நல்லது, உடம்பின் பாரம் சீட்டில் போய்விடுகிறது. ஆனால் சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். நம் பெண்கள் பலரும் கால் தரையில் படட்டும் என்று சீட்டை அடியில் வைத்து உழக்குகிறார்கள். முழங்கால் முன்பக்கம் வலிக்க அதுவே போதும். சீட்டில் இருந்து குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம் வைத்தால் உழக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடியும். ஒரேயடியாக உயர்த்தப் பயமென்றால் கிழமைக்கு ஒரு விரல்கட்டையாக உயர்த்துங்கள். முதல் பத்து நாள் இருக்கிற இடம் நோகும், அது தானாகப் போய்விடும்.

பிரதான வீதியில் கல்முனை பஸ்கள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். முடிந்த மட்டும் கடற்கரைப் பக்க உள்வீதியால் போங்கள். இருட்டில் போக நேர்ந்தால் முன்னும் பின்னும் லைற் வேண்டும், கட்டாக்காலி மாடு நடுவீதியில் படுத்திருந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது. நாய் துரத்தினால் வேகமாக உழக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு நடங்கள். சேலைக்குச் செயின் கவரும் பின்சில்லுக்கு வலையும் போட்டால் போதும். நம் அம்மாமார் அப்படித்தான் போனார்கள். அது சங்கடமென்றால் சல்வாரில் போய்ப் பாடசாலையில் மாற்றலாம். பின்னேரம் ஒன்றரை மணி வெயில், அதுவும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், லேசானதல்ல. தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் வேண்டும். வேகம் வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் ஸ்கூட்டியை எடுங்கள், குற்றவுணர்வு வேண்டாம். அந்த நாட்களில் வீட்டிலேயே கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதை பத்துப் பத்தாக மூன்று தடவை செய்தால் தொடைத் தசை விட்டுப்போகாது.

உழக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

"ஸ்கூட்டி பழுதா ரீச்சர்?"

நீங்கள் எழுதாத ஒன்றை ஊகிக்கிறேன். 2022இல் பிரதேச செயலக அதிகாரியும் சைக்கிளில்தான் போனார், அதனால் ஒருவரும் உங்களைப் பார்க்கவில்லை. இப்போது ஏறினால் சந்திக்குச் சந்தி "ஸ்கூட்டி பழுதா ரீச்சர்?" என்று கேட்பார்கள். கட்டாரில் இருந்து காசு வரவில்லையோ என்றும் சிலர் யோசிப்பார்கள். நாலரை மணி இருட்டை நீங்கள் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். "டொக்டர் எழுதித் தந்தவ" என்று சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலை மருந்துச் சீட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையில் கேட்கிறவர்களுக்கும் அலுத்துவிடும்.

பட்டப்பெயர் விஷயம். வெட்கம் ஒருவரை எழுப்பும் என்பது பிழையான எண்ணம். என் அனுபவத்தில் வெட்கப்பட்டவர்கள் கிளினிக்குக்கு வருவதை நிறுத்துகிறார்கள், தராசில் ஏறுவதை நிறுத்துகிறார்கள், இரவில் தனியாக இருந்து கூடச் சாப்பிடுகிறார்கள். "இரவு பிள்ளைகள் படுத்த பிறகு இவரோடு வீடியோ கோல் முடிந்ததும் பிஸ்கட் பக்கெற் எடுப்பேன்" என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தீர்கள். அது வயிற்றுப் பசியாக எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் மகளோடு முற்றத்தில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, விடிய எழும்பவே மனமில்லை, அழுகை வருகிறது என்றால் அது வேறு விஷயம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தராசில் கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், காலையில் ஏறினால் போதும். முதல் இரண்டு கிழமையில் இரண்டு கிலோ குறைந்தால் மகிழுங்கள், ஆனால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர். மூன்றாம் மாதமளவில் முள் அசையாமல் நிற்கும், அது எல்லோருக்கும் நடப்பது. அப்போது வயிற்றில் அளவு நாடாவைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே குறைந்திருக்கும்.

இந்தச் சனிக்கிழமை சைக்கிளை மாமரத்தடியில் இருந்து எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். இவ்வளவு காலம் உப்புக் காற்றில் நின்றதற்குச் செயின் கட்டாயம் துருப்பிடித்திருக்கும், ரியூப் வால்வடியில் வெடித்திருக்கும். இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் கட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சுகரை மறுபடி எடுத்து, அந்த எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.